நம் இரத்தத்தில் ஓடும் இரு வண்டிகள்



பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கல் சூளைகளால் வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் சேதமடைந்தது. அதன்பின் ஓலைக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழ வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. அதற்கு வேண்டிய களிமண் இந்தப் பகுதியில் கிடைத்தது, சூளைகள் எழுந்தன. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கிய பிறகு, சூளை இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக இரயில்வே ஊராக மாறியது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து சம்பளத்துக்கு மறுநாள் சேலையும் மளிகையும் வாங்க வரும் நம் குடும்பங்களுக்கும் இந்த ஊர் பழக்கமானதுதான்.

இன்றைய பேச்சு இரத்தத்தைப் பற்றியது. இரயில்வே ஊரில் அதைத் தொடங்கக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் இரயில்வேத் தொழிலாளர்கள் வருகிறார்கள். பிரிக்பீல்ட்ஸுக்குச் சிறிது தூரத்தில், லெம்பா பந்தாயில் இருக்கும் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஒருவரும் வருகிறார். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். இவர்கள் எல்லாரையும் இணைப்பது ஒரே கேள்விதான். "கொலஸ்ட்ரால் சரியாகத்தானே இருந்தது, பிறகு ஏன் மாரடைப்பு வந்தது?" என்று நம் வீடுகளில் துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்கும் கேள்விதான் அது.

முதலில் அந்த மருத்துவர். டி. ஜே. தனராஜ் என்பது அவர் பெயர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக 1960-களின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு வந்து, ஒன்றுமில்லாத நிலத்தில் கல்லூரியையும் மருத்துவமனையையும் எழுப்பியவர். அங்குள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரி கட்டியவர் என்றே அவரைப் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் சிங்கப்பூரில் இருந்தபோது அவர் செய்த ஒரு வேலை அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

1959-இல் அமெரிக்க இதயநோய் இதழ் ஒன்றில் தனராஜும் உடன் உழைத்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணியிருந்தார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்து இறந்தவர்கள் எந்த இனத்தவர் என்று பிரித்தார்கள். ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே துறைமுகம். அப்படியிருந்தும் இந்தியர்களிடையே அந்த மரணம் சீனர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. கடல் கடந்து வாழும் இந்தியர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது என்று உலகுக்கு எண்ணிக்கையோடு சொன்ன ஆரம்பகால ஆய்வுகளில் இது முதன்மையானது.

அந்தக் காலத்தில் மருத்துவ உலகம் சந்தேகப்பட்டது இறைச்சிக் கொழுப்பையும் வெண்ணெயையும்தான். பணக்கார நாடுகளில் தட்டு நிறையக் கொழுப்பு உண்டவர்களுக்கு மாரடைப்பு வந்தது. ஆகவே இது வசதி படைத்தவர் நோய் என்று நினைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர் தட்டில் எவ்வளவு வெண்ணெய் இருந்திருக்கும்? கணக்கு இடித்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து இந்தியாவிலிருந்தே இன்னொரு இடி. எஸ். எல். மல்ஹோத்ரா என்பவர் இந்திய இரயில்வேயின் மருத்துவ அதிகாரி. இரயில்வேயில் ஒரு வசதி உண்டு. கன்னியாகுமரி முதல் பஞ்சாப் வரை ஒரே நிர்வாகம், ஒரே மாதிரிப் பதிவேடு. யார் என்ன வேலை, என்ன சம்பளம், எதனால் இறந்தார் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். 1958 முதல் 1962 வரை பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பதிவுகளை அவர் ஆராய்ந்து 1967-இல் வெளியிட்டார். தெற்கே, சென்னைப் பக்கத்தில், இதயக் குழாய் அடைப்பால் ஏற்பட்ட மரணம் வடக்கே பஞ்சாபில் ஏற்பட்டதைவிட ஏழு மடங்கு என்று கண்டார். பஞ்சாபியர்கள் நெய்யும் பாலும் பல மடங்கு அதிகம் உண்பவர்கள். அரிசிச் சோறும் கொஞ்சம் எண்ணெயும் உண்ட தென்னாட்டவர்தான் விழுந்தார்.

மல்ஹோத்ரா தம் கண்டுபிடிப்புக்கு ஒரு விளக்கமும் தந்தார். எண்ணெய் வகை வேறு, உணவை மென்று தின்னும் பழக்கம் வேறு என்றார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ்களை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயமும் எழுப்பலாம், வடக்கிலும் தெற்கிலும் மருத்துவர் ஒரே மாதிரி எழுதியிருப்பார்களா என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி வலுவான கேள்வி. கொழுப்பு உண்ணாதவர் இரத்தத்தில் என்ன நடக்கிறது?

அதற்கு விடை சோதனைச்சாலையில் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லுமுன் ஒரு சின்ன விளக்கம்.

கொழுப்பு நீரில் கரையாது. ரசத்தின் மேல் மிதக்கும் தாளித்த எண்ணெயைப் பார்த்தாலே தெரியும். இரத்தமோ பெரும்பகுதி நீர். அதனால் குடலும் கல்லீரலும் கொழுப்பைப் புரதத்தோடு சேர்த்து நுண்ணிய உருண்டைகளாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகின்றன. இந்த உருண்டைகளை வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறும் சரக்கு இரண்டு வகை. ஒன்று டிரைகிளிசரைடு, இது எரிபொருள், சமையல் எண்ணெயும் இதே பொருள்தான். மற்றது கொலஸ்ட்ரால், இது உடல் தன் அணுக்களுக்குச் சுவர் கட்டப் பயன்படுத்தும் பொருள், எரிபொருள் ஆகாது.

டிரைகிளிசரைடு மிகவும் கூடிப்போனால் கண்ணாலேயே பார்க்கலாம். இரத்தத்தைக் குழாயில் எடுத்து நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இந்தக் கொழுப்பு மிதமிஞ்சியவருக்கு அந்த நீர், மங்கில் வடிந்த ரப்பர்ப் பாலைப் போல வெள்ளையாக இருக்கும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1929-இல் பாரிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் மாஷபஃப் என்ற அறிஞர் குதிரையின் இரத்த நீரிலிருந்து கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று எச்.டி.எல். என்று நம் பரிசோதனைச் சீட்டில் வருவதன் மூதாதை அதுதான். 1949, 1950-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், டோனர் சோதனைச்சாலையில் ஜான் காஃப்மன் என்பவர் இரத்த நீரை மிக வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் இட்டு, எந்த உருண்டை மிதக்கிறது, எது தாழ்கிறது என்று பிரித்தார். டிரைகிளிசரைடு நிறைந்த பெரிய உருண்டைகள் மேலே மிதந்தன. கொலஸ்ட்ராலை உடலெங்கும் கொண்டுபோகும் எல்.டி.எல். அதற்குக் கீழே. புரதம் மிகுந்த, சிறிய, கனத்த எச்.டி.எல். அடியில்.

1951-இல் நியூயார்க்கில் டேவிட் பார் என்பவரும் உடனிருந்தவர்களும் இதயநோயாளிகளிடம் இந்தக் கனத்த வகை குறைந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கால் நூற்றாண்டு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற ஒற்றை எண் எல்லாருடைய கண்ணையும் மறைத்தது. ஒற்றை எண்ணுக்கு எப்போதும் ஒரு கவர்ச்சி உண்டு, நினைவு வைக்கச் சுலபம்.

1975-இல் பிரிட்டனில் ஜார்ஜ் மில்லர், நார்மன் மில்லர் என்ற இரு சகோதரர்கள் லான்செட் இதழில் அந்தப் பழைய செய்தியை மீண்டும் கிளப்பினார்கள். எச்.டி.எல். குறைந்தால் குழாய்ச் சுவரிலிருந்து கொலஸ்ட்ராலை அள்ளிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வேலை தடைப்படும் என்பது அவர்கள் கருத்து. 1977-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் நடந்த நெடுநாள் ஆய்வும் எச்.டி.எல். குறைந்தவருக்கே மாரடைப்பு அதிகம் என்று காட்டியது. "நல்ல கொலஸ்ட்ரால்" என்ற பெயர் அதன்பின்தான் ஊரெங்கும் பரவியது.

மில்லர் சகோதரர்களில் ஜார்ஜ் மில்லர் அதோடு நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவான டிரினிடாட்டில், தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் நடந்த ஆய்விலும் அவர் பங்கு கொண்டார். அங்கே வாழும் இந்திய வம்சாவளியினர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சந்ததி. நம் முன்னோர் ஏறிய கப்பலுக்கும் அவர்கள் முன்னோர் ஏறிய கப்பலுக்கும் திசைதான் வேறு. அவர்களிடையேயும் இதயநோய் மரணம் அங்குள்ள மற்றவர்களைவிட அதிகம் என்று 1986-இல் அறிவித்தார்கள். வழக்கமாகக் காரணம் சொல்லப்படும் பெரிய குறைகளைக் கொண்டு அதை முழுமையாக விளக்க முடியவில்லை என்றும் சேர்த்தே எழுதினார்கள்.

1990-இல் வட்டம் சிங்கப்பூருக்கே திரும்பியது. கென்னத் ஹியூஸ் குழுவினர் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவருடைய இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், மொத்தக் கொலஸ்ட்ரால் ஆகியவற்றால் இந்தியரின் கூடுதல் மரணத்தை விளக்க முடியவில்லை. இந்தியரிடம் தெளிவாக மாறுபட்டிருந்தவை இரண்டு: எச்.டி.எல். குறைவு, இனிப்பு நீர் அதிகம். மறு ஆண்டே லண்டனின் சௌத்தால் பகுதியில் பால் மெக்கீக் குழுவினர் தெற்காசியர்களிடம் முழுப் படத்தையும் கண்டார்கள்: வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு, இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாமை, டிரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு. தனராஜ் 1959-இல் எண்ணி வைத்ததற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து முகம் தெரிந்தது.

டிரைகிளிசரைடு கூடுவதும் எச்.டி.எல். குறைவதும் ஏன் சேர்ந்தே வருகின்றன? இது தற்செயல் இல்லை. இரண்டு வண்டிகளும் ஒரே சாலையில் ஓடும்போது தங்களுக்குள் சரக்கை மாற்றிக்கொள்கின்றன.

1965-இல் காஃப்மன் இருந்த அதே டோனர் சோதனைச்சாலையில் நிக்கல்ஸ், ஸ்மித் என்ற இருவர் மனித இரத்த நீரை வெதுவெதுப்பாக வைத்துக் காத்திருந்தார்கள். டிரைகிளிசரைடு நிறைந்த பெரிய உருண்டைகளிலிருந்து அந்தக் கொழுப்பு எச்.டி.எல்.லுக்கு ஏறியது; எச்.டி.எல்.லில் இருந்த கொலஸ்ட்ரால் பெரிய உருண்டைக்கு மாறியது. 1975-இல் சில்வர்ஸ்மிட் என்ற அறிஞர் முயலின் இரத்த நீரில், இந்த மாற்றத்தைத் தூண்டும் பொருள் இருப்பதைக் காட்டினார். அது ஒரு புரதம். இரு வண்டிகளுக்கும் நடுவில் நின்று சுமை மாற்றும் ஆள் என்று அதை நினையுங்கள்.

சாலையில் எண்ணெய் லாரிகள் அளவாக ஓடினால் இந்த மாற்றம் கொஞ்சமாக நடக்கும், கெடுதல் பெரிதில்லை. கல்லீரல் இரவும் பகலும் எண்ணெய் லாரிகளை அனுப்பிக்கொண்டே இருந்தால்? சுமை மாற்றும் ஆளுக்கு ஓய்வே இல்லை. எச்.டி.எல். வண்டி தன் கொலஸ்ட்ராலை இழந்து, அதற்குப் பதிலாக எண்ணெயை ஏற்றிக்கொண்டு கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி காத்திருக்கிறது. எண்ணெயை உடைத்து இறக்குவது அதன் தொழில். சரக்கு இறங்கியதும் வண்டி சுருங்குகிறது. பெரியதாக இருந்த எச்.டி.எல். சிறியதாகிறது. மேலே போர்த்திருந்த புரதத்துக்கு அவ்வளவு இடம் இல்லாமல் போகிறது, பலகை கழன்று விழுவதுபோல அது கழல்கிறது. கழன்ற புரதம் சிறுநீரகத்தில் வடிந்து அழிகிறது. புரதம் போனால் வண்டியே இல்லை. இரத்தத்தில் எச்.டி.எல். எண்ணிக்கை குறைகிறது, மீந்திருப்பவையும் சிறுத்துப்போனவை. எல்.டி.எல். உருண்டைகளும் இதே முறையில் சிறுத்துக் கனத்துப் போகின்றன.

1983-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் யோசப் பாட்ஷ் என்பவர் இதை உணவோடு சேர்த்துப் பார்த்தார். தொண்டர்களுக்குக் கொழுப்பு மிகுந்த ஒரு வேளை உணவு தந்து, மணிக்கு மணி இரத்தம் எடுத்தார். உண்ட கொழுப்பைச் சீக்கிரம் இரத்தத்திலிருந்து அகற்றியவர்களுக்குப் பெரிய வகை எச்.டி.எல். நிறைய இருந்தது. நெடுநேரம் இரத்தம் பால்போல் மங்கியே கிடந்தவர்களுக்கு அது குறைவு. ஆகவே வெறும் வயிற்றில் எடுத்த எச்.டி.எல். எண், அந்த மனிதர் நாள் முழுதும் எவ்வளவு நேரம் எண்ணெய் லாரிகளை நடமாடவிட்டார் என்பதற்கு ஒரு சாட்சியாக நிற்கிறது.

கொழுப்பே உண்ணாதவருக்கு எண்ணெய் லாரி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கல்லீரல் தானே செய்கிறது. சோறும் சீனியும் அளவுக்கு மேல் போனால், எரிக்கப்படாத மிச்சத்தில் ஒரு பங்கை அது டிரைகிளிசரைடாக மாற்றும். வயிற்றுக் கொழுப்பு மிகுந்து இன்சுலின் பேச்சு எடுபடாமல் போனால், சேமிப்பில் இருந்த கொழுப்பும் அவிழ்ந்து கல்லீரலுக்கு வந்து சேரும். மதுவும் அப்படியே. கள்ளும் சம்சுவும் டிரைகிளிசரைடை ஏற்றும். மது எச்.டி.எல்.லைக் கூட்டும் என்று ஒரு செய்தி உண்டு, அதை யாராவது கள்ளுக்கடை வாசலில் சொன்னால் பாதி உண்மையைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, பால் வாளியைத் தோளில் சுமந்து கொட்டகைக்கு வந்தவருக்கு ஒரு தட்டுச் சோறு எரிந்துபோகும். உழைக்கும் தசை டிரைகிளிசரைடை இரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தசை நாளங்களில் இருக்கும் ஒரு நொதி நடக்க நடக்கச் சுறுசுறுப்பாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையும் வீட்டு மனையும் வந்து, குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடியேறியபோது வேலை மாறியது. லாரி ஓட்டுநர் இருக்கை, காவலாளி நாற்காலி, தொழிற்சாலை வரிசை. தட்டு மாறவில்லை. டின் பால் ஊற்றிய தேநீர் ஒன்றுக்கு மூன்றானது. 2019-இல் நாட்டில் எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பில் இந்திய வயதுவந்தோரில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, மூன்று பெரிய இனங்களில் அதுவே அதிகம்.

தாய்நாட்டிலும் இதே கதைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகார் ஆகிய இடங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 விழுக்காடு மட்டும். டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5. எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3. முதல் எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் எத்தனை பேர் தப்பிப் போவார்கள் என்று பாருங்கள்.

இனி, இந்த வரலாற்றில் மருத்துவ உலகம் கையைச் சுட்டுக்கொண்ட இடம். எச்.டி.எல். குறைவுதானே குறை, அதை ஏற்றினால் போயிற்று என்று நினைத்தார்கள். சுமை மாற்றும் அந்தப் புரதத்தைத் தடுக்கும் மாத்திரை ஒன்றை ஃபைசர் நிறுவனம் செய்தது. பதினைந்தாயிரம் பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. ஆனால் மாத்திரை தின்றவர்களில் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். இரத்த அழுத்தத்தையும் அது ஏற்றிவிட்டது. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். பிறகு வந்த இதே வகை மாத்திரைகளும் எச்.டி.எல்.லை ஏற்றியதற்காக யாரையும் காப்பாற்றவில்லை. 2012-இல் பரம்பரை மரபணுவைக் கொண்டு செய்த ஆய்வில், பிறவியிலேயே எச்.டி.எல். கூடுதலாக அமைந்தவர்களுக்கு மாரடைப்பு அதனால் குறையவில்லை என்று தெரிந்தது. 2022-இல் முடிந்த ஒரு பெரிய சோதனையில் டிரைகிளிசரைடை மாத்திரையால் குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை.

என் பார்வையில் இதன் பொருள் இப்படி: குறைந்த எச்.டி.எல். புகையைப் போன்றது. புகையை விசிறி விரட்டினால் அடுப்பு அணையாது. நெருப்பு கிடப்பது அந்த எண்ணெய் லாரிகள் பாதி சரக்கோடு விட்டுச்செல்லும் மிச்ச உருண்டைகளிலும், எல்.டி.எல்.லிலும், அவற்றை இடைவிடாமல் அனுப்பும் கல்லீரலிலும். அதனால்தான் எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மருத்துவர் தந்திருந்தால், எச்.டி.எல். ஏறவில்லையே என்று அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. சோற்றைக் குறைத்து, காயும் பருப்பும் கூட்டி, தேநீரில் சீனியைக் குறைத்து, நாள்தோறும் நடப்பவருக்குப் பெரும்பாலும் முதலில் இறங்குவது டிரைகிளிசரைடுதான், அதுவும் சில வாரங்களிலேயே. எச்.டி.எல். பின்னால் மெதுவாக, கொஞ்சமாக ஏறும்.

சீட்டில் பார்க்க வேண்டிய அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மில்லிமோல் கணக்கு. டிரைகிளிசரைடு 1.7-க்குக் கீழே இருப்பது நல்லது. எச்.டி.எல். ஆண்களுக்கு 1.0-க்கும் பெண்களுக்கு 1.3-க்கும் குறைந்தால் குறைவு என்பார்கள். டிரைகிளிசரைடு 10-ஐத் தாண்டிப் போனால் கவலை வேறு; கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும், அப்போது தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் இந்தப் பரிசோதனைக்குப் பட்டினியாகத்தான் வரவேண்டும் என்பார்கள். 2016-இல் ஐரோப்பிய நிபுணர்கள் வழக்கமான சோதனைக்கு அது தேவையில்லை என்றார்கள். எனினும் டிரைகிளிசரைடு கூடுதலாக வந்தால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும்தான். காலையில் சீனி போட்ட காப்பி ஒரு மடக்குகூடக் கூடாது.